‘மனைவியை அடிப்பவர்’ என்று எழுதிய பத்திரிகை வழக்கில் ஜெயித்தது எப்படி? ஜானி டெப்பின் லண்டன் வழக்கு சொல்லும் கதை

ஜானி டெப் வழக்கு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 2022-ல் அமெரிக்காவில் நடந்த விசாரணைதான். வாரக்கணக்கில் லைவாக ஓடியது, மீம்ஸ் பறந்தன, கடைசியில் டெப் ஜெயித்தார். ஆனால் அதற்கு ஒன்றரை வருடம் முன்பே, கிட்டத்தட்ட இதே குற்றச்சாட்டுகள் அலசப்பட்ட இன்னொரு வழக்கில் லண்டனில் அவர் தோற்றுப்போனார். அங்கே அவருக்கு எதிரில் நின்றது முன்னாள் மனைவி ஆம்பர் ஹெர்ட் அல்ல. ‘தி சன்’ என்ற நாளிதழ்.

உலகப் புகழ்பெற்ற நடிகரை ‘மனைவியை அடிப்பவர்’ என்று தலைப்பிலேயே எழுதிய பத்திரிகை எப்படித் தப்பியது? “எங்களுக்குக் கிடைத்த தகவலைத்தான் போட்டோம்” என்று சொல்லியா? இல்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நிச்சயம் தோற்றிருக்கும். அந்தப் பத்திரிகையைக் காப்பாற்றியதில் பெரிய பங்கு, விசாரணை தொடங்குவதற்கு முன்பே அதன் வக்கீல்கள் கோர்ட்டில் கொடுத்த பதிலுக்கு உண்டு. நம் ஊர் சிவில் கோர்ட்டில் ‘ரிட்டன் ஸ்டேட்மென்ட்’ என்பார்களே, அதாவது எதிர்வழக்குரை, அதுதான்.

என்ன எழுதினார்கள்?

2018 ஏப்ரல் 27-ம் தேதி இரவு ‘தி சன்’ இணையதளத்தில் டான் வூட்டன் என்ற பத்திரிகையாளரின் கட்டுரை வந்தது. ‘ஹாரி பாட்டர்’ எழுத்தாளர் ஜே.கே.ரவுலிங், தன் கதையில் உருவாகும் ‘ஃபென்டாஸ்டிக் பீஸ்ட்ஸ்’ படத்தில் டெப் நடிப்பதில் எப்படி மகிழ்ச்சி அடைய முடியும் என்பதுதான் கட்டுரையின் கேள்வி. தலைப்பில் டெப்பின் பெயருக்கு முன்னால் ‘மனைவியை அடிப்பவர்’ என்ற அடைமொழி. அடுத்த நாளே இணையதளத்தில் அந்த அடைமொழியை எடுத்துவிட்டுத் தலைப்பை மாற்றினார்கள். ஆனால் அம்பு கையை விட்டுப் போயிருந்தது. பத்திரிகையை நடத்தும் நிறுவனம் மீதும் வூட்டன் மீதும் டெப் அவதூறு வழக்குப் போட்டார்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். இங்கிலாந்து சட்டப்படி, தன்னைப் பற்றி எழுதியது பொய் என்று டெப் நிரூபிக்கத் தேவையில்லை. எழுதியது தன் பெயருக்குக் கடுமையான சேதம் தரக்கூடியது என்று காட்டினால் போதும். அதன்பிறகு முழுப் பாரமும் பத்திரிகையின் தலையில். எழுதியது உண்மை என்று பத்திரிகைதான் நிரூபித்தாக வேண்டும். பத்திரிகையாளர்கள் லண்டன் கோர்ட் என்றாலே பயப்படுவதற்குக் காரணம் இதுதான்.

முதல் சண்டையே அர்த்தத்தில்தான்

உண்மை என்று நிரூபிப்பது இருக்கட்டும். எதை உண்மை என்று நிரூபிப்பது? சிரிக்க வைக்கும் கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் அவதூறு வழக்குகளில் பாதிச் சண்டை இதில்தான் நடக்கும்.

கட்டுரையைப் படித்தால் என்ன புரிகிறது என்பதை இரண்டு தரப்பும் எழுதிக் கொடுக்க வேண்டும். டெப் தரப்பு அர்த்தத்தை விரித்துச் சொன்னது. மனைவி மீது கடுமையான வன்முறை செய்தது மறுக்க முடியாத ஆதாரத்தோடு உறுதியானவர், அதற்காகப் பெரிய தொகை கொடுக்க வேண்டி வந்தவர், அதனால் சினிமாவில் வேலை செய்யவே தகுதியில்லாதவர் என்றெல்லாம் வாசகருக்குப் புரியும் என்றது. பத்திரிகை தரப்பு சுருக்கிச் சொன்னது: டெப் மனைவியை அடித்தார், அதில் அவருக்குக் கணிசமான காயம் ஏற்பட்டது, சில நேரம் உயிருக்கே பயந்தார். அவ்வளவுதான்.

ஏன் இந்த இழுபறி? அர்த்தம் பெரிதாகப் பெரிதாக, பத்திரிகை நிரூபிக்க வேண்டியதும் பெரிதாகும். ‘தகுதியில்லாதவர்’ என்பதும் சேர்ந்தால் அதையும் நிரூபிக்க வேண்டும். கடைசியில் நீதிபதி ஆண்ட்ரூ நிக்கோல், பத்திரிகை சொன்ன அர்த்தத்தை ஒட்டித்தான் முடிவெடுத்தார். பாதி மலை அப்போதே ஏறியாகிவிட்டது என்று சொல்லலாம்.

14 சம்பவங்கள்

இப்போது அந்த எதிர்வழக்குரையின் இதயப் பகுதிக்கு வருவோம். ‘அவர் மனைவியை அடித்தது உண்மை’ என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்தால் இங்கிலாந்து கோர்ட் ஏற்காது. எந்த அர்த்தத்தை உண்மை என்கிறீர்கள் என்று குறிப்பிட வேண்டும். அதற்கு ஆதாரமாக எந்தெந்தச் சம்பவங்களைச் சொல்கிறீர்கள் என்ற விவரமும் வேண்டும். 2019 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த கோர்ட் விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. அதற்கு முன்பும் இதே வழக்கம்தான்.

‘தி சன்’ வக்கீல்கள் 14 சம்பவங்களை வரிசைப்படுத்தினார்கள். 2013-ன் தொடக்கத்தில், டெப்பின் கையில் இருந்த பச்சை குத்தலைப் பற்றிய பேச்சில் தொடங்கிய தகராறு முதல் சம்பவம். 2014 மே 24, பாஸ்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போன தனி விமானத்தில் நடந்தது இன்னொன்று. 2015 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில், டெப்பின் விரல் நுனி துண்டான அந்தச் சில நாட்கள் இன்னொன்று. கடைசியாக 2016 மே 21. ஒவ்வொன்றுக்கும் இடம், தேதி அல்லது காலகட்டம், என்ன நடந்தது என்ற விவரம்.

தேதி போடுவதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்த விமானச் சம்பவத்தையே எடுத்துக்கொள்வோம். தேதி குறித்தாகிவிட்டதால், அந்த நாளையொட்டி யார் யாருக்கு என்ன மெசேஜ் அனுப்பினார்கள் என்று தேட முடிந்தது. டெப்பின் உதவியாளர் ஹெர்டுக்கு அனுப்பிய மெசேஜ் ஒன்று கோர்ட்டுக்கு வந்தது. ஹெர்டை உதைத்ததைப் பற்றிச் சொன்னபோது டெப் அழுதுவிட்டார் என்று அதில் இருந்தது. “அவரைச் சமாதானப்படுத்தத்தான் அப்படி எழுதினேன்” என்று உதவியாளர் பிறகு விளக்கம் சொன்னார். நீதிபதிக்கு அது எடுபடவில்லை. அதே சமயத்தில் டெப் ஒரு நடிகர் நண்பருக்கு அனுப்பிய மெசேஜில், விமானம் ஏறும் முன் எவ்வளவு குடித்திருந்தார் என்பதை அவரே விவரித்திருந்தார். ‘அவர் அடிக்கடி அடிப்பார்’ என்று பொதுவாக எழுதிக் கொடுத்திருந்தால், இந்த மெசேஜ்களை எதோடு பொருத்திப் பார்ப்பது?

மறுபக்கமும் இருக்கிறது. தேதியும் இடமும் போட்டுச் சொன்னால், எதிராளிக்கும் அதை உடைக்க வழி கிடைக்கும். அன்றைக்கு நான் அங்கே இல்லை, கூட இருந்தவரைக் கேளுங்கள், போட்டோவில் காயமே இல்லையே என்று கேட்கலாம். டெப் தரப்பு அதைத்தான் செய்தது. ஒவ்வொரு சம்பவத்தையும் மறுத்தது, எல்லாமே ஜோடிக்கப்பட்டவை, வன்முறை செய்தது ஹெர்ட்தான் என்றது. விவரம் கேட்கும் விதியின் நியாயமே இதுதான். வழக்குப் போட்டவர் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தெரியாமல் இருட்டில் கை வீசக் கூடாது.

2020 ஜூலையில் மூன்று வாரம் விசாரணை. நவம்பர் 2-ம் தேதி தீர்ப்பு. 14-ல் 12 சம்பவங்கள் நிரூபணமானதாக நீதிபதி சொன்னார். சரி, மீதி இரண்டு? அவை விழுந்ததால் வழக்கு விழவில்லை. 2013-ம் ஆண்டு அவதூறுச் சட்டத்தின் 2-வது பிரிவு, குற்றச்சாட்டு ‘கணிசமான அளவில் உண்மை’ என்றால் போதும் என்கிறது. ஒவ்வொரு எழுத்தும் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. சில நாட்களில் ‘ஃபென்டாஸ்டிக் பீஸ்ட்ஸ்’ படத்திலிருந்து டெப் விலகினார். தயாரிப்பு நிறுவனம் கேட்டுக்கொண்டதால் விலகுவதாக அவரே அறிவித்தார். 2021 மார்ச்சில் அப்பீலுக்கும் அனுமதி கிடைக்கவில்லை.

அதே பத்திரிகை, நேர் எதிர் முடிவு

இதைப் படித்துவிட்டு ‘தி சன்’ எப்போதும் இப்படிக் கவனமாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அதே பத்திரிகை 2000-ம் ஆண்டு ஜூனில் போட்ட ஒரு செய்தி, இன்றைக்கும் சட்டம் படிப்பவர்களுக்குப் பாடமாக இருக்கிறது.

குழந்தைகளைக் கவனிக்கும் செவிலியர் ஒருவர். தீராத நோயால் பாதிக்கப்பட்ட 18 குழந்தைகளின் மரணத்தில் அவர் மீது போலீஸ் விசாரணை நடப்பதாகப் பத்திரிகை செய்தி வெளியிட்டது. அவர் மீது தவறில்லை என்று பிறகு போலீசே முடிவுக்கு வந்தது. ஆனால் ஒரு செவிலியரின் பெயர் அப்படிப் பத்திரிகையில் வந்துவிட்டால் அக்கம்பக்கத்தில், வேலையிடத்தில் அவர் நிலைமை என்ன? அவர் வழக்குப் போட்டார்.

அவர் கொலை செய்தார் என்று பத்திரிகையால் நிரூபிக்க முடியாது. அதனால் எதிர்வழக்குரையில் ஒரு படி இறங்கியது: ‘அவரைச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தது, அதுதான் எங்கள் செய்தியின் அர்த்தம்’ என்றது. இங்கேதான் இங்கிலாந்து அப்பீல் கோர்ட் 2002 டிசம்பரில் மூன்று படிகளைப் பிரித்துக் காட்டியது. ஒருவர் குற்றம் செய்தார் என்பது முதல் படி. சந்தேகிக்க நியாயமான காரணம் இருக்கிறது என்பது இரண்டாவது. விசாரிக்க முகாந்திரம் இருக்கிறது என்பது மூன்றாவது. லண்டன் வக்கீல்கள் இதை ‘சேஸ் லெவல்’ ஒன்று, இரண்டு, மூன்று என்று இன்றும் சொல்கிறார்கள். டெப் கட்டுரை சந்தேகமே இல்லாமல் முதல் படி. அதனால்தான் அங்கே அடித்தார் என்பதையே நிரூபிக்க வேண்டி வந்தது.

செவிலியர் வழக்கில் பத்திரிகை இரண்டாவது படியில் நின்றாலும் தப்பவில்லை. காரணம், அதன் எதிர்வழக்குரையில் இருந்த விவரங்கள். போலீசுக்குப் புகார் வந்தது, விசாரணை நடந்தது என்ற ரகத்தில்தான் பெரும்பாலானவை இருந்தன. கோர்ட் கேட்டது எளிமையான கேள்வி: இதில் அந்தப் பெண் செய்தது என்ன? ஒருவரைச் சந்தேகிக்கக் காரணம் இருந்தது என்றால், அந்தக் காரணம் முக்கியமாக அவருடைய நடத்தையில் இருக்க வேண்டும். இன்னொருவர் அவரைப் பற்றிப் புகார் சொன்னார் என்பது போதாது. செய்தி வெளியான பிறகு நடந்தவற்றையும் துணைக்குக் கூப்பிட முடியாது. செய்தி அச்சான அன்றைக்கு என்ன இருந்ததோ அதை வைத்துத்தான் பேச வேண்டும். பத்திரிகையின் எதிர்வாதம் முழு விசாரணைக்கே போகாமல், காகிதத்திலேயே தள்ளுபடியானது.

நம் ஊர் டிவி, பத்திரிகைச் செய்திகளில் ‘கூறப்படுகிறது’, ‘சொல்லப்படுகிறது’ என்ற வார்த்தைகள் தாராளமாக வரும். அந்த வார்த்தையைப் போட்டுவிட்டால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்து சட்டத்தில் அது கவசமே இல்லை. ‘அவன் திருடன் என்று முருகன் சொல்கிறான்’ என்று எழுதினால், முருகன் அப்படிச் சொன்னதை நிரூபித்துப் பயனில்லை. அவன் திருடன் என்பதைத்தான் நிரூபிக்க வேண்டும். அடுத்தவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னாலும் அது உங்கள் சொல்தான் என்பது விதி. கோர்ட், நாடாளுமன்ற நடவடிக்கைகளைச் செய்தியாக்குவது போன்ற சிலவற்றுக்கு மட்டும் தனிப் பாதுகாப்பு உண்டு.

முழு ஆதாரம் கையில் இல்லாவிட்டால்?

செய்தி போட்ட அன்றே எல்லா ஆதாரமும் கையில் இருக்க வேண்டும் என்றால் எந்தப் புலனாய்வுச் செய்தியும் வெளிவராது. கோர்ட்டுகளுக்கும் இது தெரியும். மெக்டொனால்ட்ஸ் நிறுவனம், தன்னை விமர்சித்து நோட்டீஸ் கொடுத்த இரண்டு ஆர்வலர்கள் மீது போட்ட வழக்கில் 1990-களில் அப்பீல் கோர்ட் ஒரு அளவுகோல் சொன்னது. உண்மை என்று எதிர்வாதம் வைப்பவர், அது உண்மை என்று நம்ப வேண்டும்; விசாரணையில் அதை நிலைநாட்டும் எண்ணம் இருக்க வேண்டும்; போதுமான ஆதாரம் கையில் இருக்க வேண்டும், அல்லது விசாரணைக்குள் கிடைக்கும் என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரிதான் பத்திரிகைகளுக்கு மூச்சு விட இடம் தருகிறது.

அந்த இடம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ‘தி கார்டியன்’ பத்திரிகையின் கதை இருக்கிறது. பிரிட்டனில் அமைச்சராக இருந்த ஜோனதன் எய்ட்கன், 1993-ல் பாரிஸின் ரிட்ஸ் ஓட்டலில் தங்கியபோது பில்லைக் கட்டியது யார் என்பதுதான் விவகாரம். பில்லைக் கட்டியது தன் மனைவி என்றார் அவர். 1995-ல் பத்திரிகை மீது வழக்கும் போட்டார். 1997 ஜூனில் விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, மனைவி அந்த நேரத்தில் பாரிஸில் இல்லை, சுவிட்சர்லாந்தில் இருந்தார் என்பதைக் காட்டும் விமானப் பயணப் பதிவுகள் வெளியே வந்தன. வழக்கு அப்படியே சரிந்தது. 1999-ல் பொய்ச் சாட்சிக்காக எய்ட்கனுக்கு 18 மாதச் சிறைத் தண்டனை. பத்திரிகை முதல் நாளே அந்தப் பயணப் பதிவுகளைக் காட்ட வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் கதையே வேறு.

ஆனால் இது சூதாட்டமும்கூட. ‘உண்மைதான்’ என்று கோர்ட்டில் மல்லுக்கட்டி, கடைசியில் நிரூபிக்க முடியாமல் போனால் நஷ்டஈடு கூடும். முதலில் பத்திரிகையில் ஒரு முறை அவமானம், பிறகு திறந்த கோர்ட்டில் நாள் கணக்கில் அவமானம் என்று நீதிபதி பார்ப்பார். மேலே எதிர்த்தரப்பின் வக்கீல் செலவு வேறு. பெரிய நிறுவனத்துக்கு 14 சம்பவங்களைத் தோண்டி எடுக்கப் பணம் இருக்கும். மாவட்ட அளவிலான சின்னப் பத்திரிகைக்கு? உண்மை என்று தெரிந்தும் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் நடக்கும். விவரம் கேட்கும் விதி நியாயமானதுதான், ஆனால் அதன் செலவு எல்லோருக்கும் ஒரே மாதிரி வலிப்பதில்லை.

உண்மை தவிர வேறு எதிர்வாதங்களும் உண்டு. இது எங்கள் நேர்மையான கருத்து என்று சொல்லலாம். ஆனால் எந்தக் கருத்து, எந்த உண்மையின் அடிப்படையில் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பொதுநலனுக்காக வெளியிட்டோம் என்று சொல்லலாம். அப்போது யாரிடம் விசாரித்தோம், ஏன் நம்பினோம், சம்பந்தப்பட்டவரிடம் கருத்துக் கேட்டோமா என்பதெல்லாம் மேஜைக்கு வரும். டெப் வழக்கில் ‘தி சன்’ இவற்றில் எதையும் கையில் எடுக்கவில்லை. உண்மை என்ற ஒன்றை மட்டுமே நம்பி இறங்கியது.

அப்போ அமெரிக்காவில் டெப் ஜெயித்தது எப்படி?

இரண்டும் வேறு வேறு வழக்கு. அமெரிக்காவில் அவர் வழக்குப் போட்டது ஹெர்ட் மீது. 2018 டிசம்பரில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ பத்திரிகையில் வந்த அவருடைய கட்டுரைக்காக. பத்திரிகை மீது வழக்கில்லை. லண்டனில் முடிவெடுத்தது தனி நீதிபதி, காரணங்களை விரிவாக எழுதினார். வர்ஜீனியாவில் முடிவெடுத்தது ஜூரி, காரணம் எழுத வேண்டியதில்லை.

பாரமும் தலைகீழ். அமெரிக்காவில் 1964-ம் ஆண்டு ‘நியூயார்க் டைம்ஸ்’ வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு வளர்ந்த சட்டப்படி, பிரபலமான ஒருவர் அவதூறு வழக்கில் ஜெயிக்க, எழுதியது பொய் என்பதையும், பொய் என்று தெரிந்தே அல்லது உண்மையா பொய்யா என்ற கவலையே இல்லாமல் எழுதினார்கள் என்பதையும் அவர்தான் காட்ட வேண்டும். ஆக, சட்டம் யாருக்குச் சுலபமோ அந்த ஊரில் டெப் தோற்றார், யாருக்குக் கஷ்டமோ அந்த ஊரில் ஜெயித்தார். இதை வைத்து எது உண்மை என்று இன்றுவரை சமூக வலைதளங்களில் சண்டை நடக்கிறது. லண்டன் தீர்ப்பின் பக்கங்களைப் புரட்டியவர்கள் அந்தச் சண்டையில் குறைவுதான்.

இந்தியாவில்?

இங்கே அவதூறுக்கு சிவில் வழக்கும் போடலாம், கிரிமினல் வழக்கும் போடலாம். சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்தால் பிரதிவாதி தப்பலாம். கிரிமினல் வழக்கில் உண்மை மட்டும் போதாது. அதை வெளியிட்டது பொதுநன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-வது பிரிவில் இருந்த இந்த நிலை, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் தொடர்கிறது. எதிர்வழக்குரையைப் பொறுத்தவரை, பட்டும் படாமலும் மறுப்பது செல்லாது, குறிப்பிட்டு மறுக்க வேண்டும் என்று நம் சிவில் நடைமுறைச் சட்டமும் சொல்கிறது.

ஆனால் இங்கே பல வழக்குகளில் சிக்கல் வேறு இடத்தில். பத்திரிகை பதில் தாக்கல் செய்யும் நிலைக்கே வருவதற்கு முன், செய்தியை நீக்கச் சொல்லி இடைக்காலத் தடை வந்துவிடும். 2024-ல் ஜீ நிறுவனத்தைப் பற்றி ‘ப்ளூம்பெர்க்’ வெளியிட்ட செய்தியில் அதுதான் நடந்தது. கட்டுரையை நீக்க டெல்லி விசாரணை நீதிமன்றம் மார்ச் 1-ம் தேதி உத்தரவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் தலையிட மறுத்தது. மார்ச் 22-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அப்போது அது எடுத்துப் பேசியது, 1891-ம் ஆண்டின் ஒரு லண்டன் தீர்ப்பை: எழுதியது உண்மை என்று நிரூபிக்கத் தயார் என்று ஒருவர் சொல்லும்போது, அந்த எதிர்வாதம் நிச்சயம் தோற்கும் என்று தெரிந்தால் தவிர, விசாரணைக்கு முன்பே அவர் வாயைக் கட்டக் கூடாது. ஜீ நிறுவனம் விரும்பினால் தடை கேட்டு விசாரணை நீதிமன்றத்தை மறுபடி அணுகலாம் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது.